இருட்டறை இல்லாத வீட்டில் தாள் பிலிம் கழுவுதல்: குறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

மட்டக்களப்பில், வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் கல்லடியில், இருட்டறை என்று ஒன்றும் இல்லாத வீட்டில், கைகளை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும் இருட்டுப் பை ஒன்றையும் பகல் வெளிச்சத்தில் கையாளக்கூடிய கழுவும் தாங்கி ஒன்றையும் வைத்துக்கொண்டு 4×5 அங்குலக் கறுப்பு வெள்ளைத் தாள் பிலிம் கழுவி வருகிறேன். ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வந்தபடியால், எந்தக் குறி எந்தக் காரணத்தால் வந்தது, எதைச் செய்தபின் நின்றது என்பதைக் கொப்பி ஒன்றில் எழுதி வந்தேன். அந்தக் கொப்பியைக் குறிவாரியாக ஒழுங்குபடுத்தியதே இது. ஒவ்வொரு குறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும் பணம் வேண்டிய வேலை கடைசியிலும் வருகின்றன. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கைநூல்கள் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போகும் வெப்பமும் வியர்வையும் தண்ணீரும் எங்கள் கரையில் முதற்காரணங்கள் என்பதால், அவற்றுக்கு இங்கே கூடிய இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தக் குறியாக இருந்தாலும் முதலில் தாளின் ஓரத்தைப் பாருங்கள். பிலிமை ஏற்றிக் கமராவில் செருகும் ஹோல்டரின் விளிம்புகள் பிலிமின் ஓரத்தில் ஓர் ஒடுங்கிய பட்டையை மறைத்துக்கொண்டிருக்கும்; கமராவுக்குள் வரும் வெளிச்சம் அந்தப் பட்டையில் படாது. ஆகவே பட்டை தெளிவாக இருந்தால் பிழை கமராவிலோ, ஒளி அளவிலோ, கழுவிய நேரத்திலோ இருக்கிறது; பட்டை முழுவதும் கறுத்திருந்தால் பிலிம் ஹோல்டருக்கு வெளியில் வெளிச்சம் கண்டிருக்கிறது. இந்த ஒரு பார்வை பாதித் தேடலை முடித்துவிடும். படத்தை நிலைநிறுத்தும் பிக்ஸரில் இருக்கவேண்டிய நேரம் இருந்து வந்த பிலிம் அதற்குமேல் கெடாது என்பதால், பதற்றப்படாமல் அலசிக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் உருப்பெருக்கி கொண்டு பாருங்கள்.

தாள் முழுவதும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது

முதலில், படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய 35 மில்லிமீற்றர் பிலிமின் நுனித்துண்டு ஒன்றைச் சாதாரண வெளிச்சத்திலேயே அதே டெவலப்பரில் போட்டுவையுங்கள். சில நிமிடங்களில் அது கறுக்க வேண்டும்.

துண்டு கறுக்கவில்லையென்றால் டெவலப்பர் செத்துவிட்டது. ஐடி-11, டி-76 போன்ற தூளில் கரைத்த டெவலப்பர்கள் விளிம்புவரை நிரம்பிய போத்தலில் ஆறு மாதம் வரை இருக்கும் என்பது 20 பாகை (செல்சியஸ்) உலகத்துக் கணக்கு. பாதி காலியான போத்தலில், 30 பாகை அறையில், அதை நம்ப முடியாது. நான் ஒரு லீற்றர் கரைத்தவுடன் நான்கு 250 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி மூடிவிடுகிறேன். திறந்த போத்தல் அன்றைக்கே முடிய வேண்டும்.

துண்டு கறுத்தால் மூன்று சாத்தியங்கள் உண்டு. பிக்ஸரை முதலில் ஊற்றியிருக்கலாம்; இரண்டு போத்தல்களும் ஒரே உருவத்தில் இருந்தால் இது நடக்கும், ஆகவே பிக்ஸர்ப் போத்தலின் கழுத்தில் ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டுவையுங்கள், இருட்டிலும் விரல் சொல்லும். அல்லது ஹோல்டரின் ஒரே பக்கத்தில் இரண்டு தாள்கள் ஒட்டியபடி நுழைந்து, பின்னால் இருந்தது படம் காணாமல் வந்திருக்கலாம். அல்லது ஷட்டர் திறக்கவில்லை. கமராவின் பின்பக்கத்தைத் திறந்து, கண்ணை வில்லைக்கு நேரே வைத்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை இயக்கிப் பாருங்கள். தகடு திறக்காவிட்டாலும், ஒரு செக்கனுக்கு வைத்தது இரண்டு மூன்று செக்கன் இழுத்தாலும், அது திருத்துநரின் வேலை. உப்புக்காற்றில் உள்ளே எண்ணெய் இறுகிப்போகும். வெளியிலிருந்து எண்ணெய் விட்டால் அது தகடுகளில் பரவி நிலைமையைக் கெடுக்கும்.

முழுத் தெளிவு இல்லாமல் மிக மங்கலாக, இடம் வலம் மாறிய, கூர்மை குறைந்த படம் தெரிந்தால் தாளைப் பின்பக்கமாக ஏற்றியிருக்கிறீர்கள். தாளை நிமிர்த்திப் பிடிக்கும்போது அதன் ஓரத்தில் வெட்டியிருக்கும் வெட்டுக்குறி வலது கை மேல்மூலையில் இருந்தால், படம் பதியும் பூச்சான எமல்ஷன் உங்களைப் பார்த்திருக்கிறது. இதற்கு வேறு சோதனை தேவையில்லை.

தாள் கறுத்திருக்கிறது, ஓரப்பட்டையும் கறுத்திருக்கிறது

தாங்கியிலிருந்து தொடங்குங்கள். சாதாரணச் சுருள் பிலிம் தாங்கிக்குள் தாள்களைச் சுருட்டி, தலைமுடி கட்டும் ரப்பர் வளையம் போட்டு நிறுத்திக் கழுவுபவர்கள், உள்ளே சுருள் வைக்கவில்லையே என்று நடுக்குழாயையும் விட்டுவிடுவார்கள். அந்தக் குழாய் சுருளைத் தாங்குவதற்கு மட்டும் அல்ல. மூடியின் வாயால் வரும் வெளிச்சத்தைத் தடுப்பதும் அதுவே. நடுக்குழாய் இல்லாத தாங்கி திறந்த தாங்கிதான்.

அடுத்தது இருட்டுப் பை. கைப்பேசியும் ஒளிரும் கைக்கடிகாரமும் பைக்குள் போகவில்லை என்பதை உறுதிப்படுத்துங்கள். பின்னர் வெளிச்சம் காணாத பழைய பிலிம் துண்டொன்றைப் பைக்குள் எமல்ஷன் மேலாக வைத்து, அதன்மேல் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்து, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில், கைகளைப் பையின் கைக்குழாய்களுக்குள் விட்டபடி பத்து நிமிடம் இருங்கள். அந்தத் துண்டைக் கழுவினால், குற்றி இருந்த வட்டம் வெளிறியும் சுற்றியுள்ள இடம் கறுத்தும் தெரிகிறதா என்று பார்க்கலாம். வட்டம் தெரிந்தால் பை ஒழுகுகிறது. எனக்கு வட்டம் தெரிந்த நாளில் ஒழுகியது பையின் துணி அல்ல, முழங்கைக்குக் கீழே தளர்ந்துபோன கையிலாஸ்ரிக். புதிய இலாஸ்ரிக் தைத்தேன். அன்றிலிருந்து விறாந்தையில் இருந்து வேலை செய்வதையும் நிறுத்தி, சன்னல் சாத்திய உள்ளறையில் தடித்த போர்வை ஒன்றைப் பைமேல் போர்த்துக்கொள்கிறேன். துணியில் ஊசித்துளைகள் இருந்தால் மட்டுமே புதிய பை வாங்க வேண்டும்.

பைக்குப் பதிலாகக் குளியலறையை இரவில் பயன்படுத்துபவர்கள் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். கண் பழகிய பிறகு கையில் இருக்கும் வெள்ளைத் தாள் தெரிந்தால் அந்த அறை போதாது. மின்வெட்டு வரும் இரவுகளில் வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். நடுவில் மின்சாரம் வந்து தெருவிளக்கு எரியும்.

ஓரப்பட்டை தெளிவு, படம் மட்டும் கறுப்பு

படம் எடுத்த நேரத்திலோ கழுவிய நேரத்திலோ அளவு மிஞ்சியிருக்கிறது. கண்ணாடித்திரையில் குவியம் பார்த்துவிட்டு ஷட்டரை மூடாமல், ஹோல்டரில் பிலிமை மறைக்கும் தகடான டார்க் ஸ்லைட்டை இழுத்தீர்களா என்பதே முதற்கேள்வி. அது இல்லையென்றால், வெப்பத்தைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

கறுப்பு ஒரு பக்கத்திலிருந்து விசிறி போல விரிந்து ஓரப்பட்டையையும் தொட்டால், ஹோல்டரின் வாயில் உள்ள துணிப்பட்டை தேய்ந்துவிட்டது. எந்த ஹோல்டர் என்று தெரிவதற்காக ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, படம் எடுக்கும்போது குறித்து வைப்பது பணம் கேட்காத காப்புறுதி. கறுப்பு படத்துக்குள் மட்டும் புகையாகத் தெரிந்து பட்டையைத் தொடாவிட்டால், வில்லைக்கும் பிலிமுக்கும் இடையில் நீண்டு சுருங்கும் மடிப்புக் கூடான துருத்தியில் துளை இருக்கிறது. இரவில் துருத்திக்குள் சிறிய ரோச் லைற்றை எரியவிட்டு வெளியிலிருந்து மடிப்புகளின் மூலைகளைப் பாருங்கள், துளைகள் பெரும்பாலும் மூலைகளில் விழும். ஒன்றிரண்டு துளைகளை உள்ளிருந்து கறுப்புத் துணிநாடாவால் ஒட்டலாம். மூலைகள் எல்லாம் வெடித்திருந்தால் துருத்தியை மாற்றுவதுதான் வழி, அதுவும் தெரிந்தவர் கையால்.

தாள் முழுவதும் இலேசான சாம்பல் மூட்டம்

படம் நன்றாக இருந்து, தெளிவாக இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்திருந்தால் பிலிம் பழசா, வெப்பத்தில் கிடந்ததா என்று பாருங்கள். தாள் பிலிம் பொதியில் வரும் பொருள். வெயிலில் நின்ற வாகனத்துக்குள் அது எவ்வளவு நேரம் இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஒரே பெட்டியிலிருந்து படம் எடுக்காத தாள் ஒன்றைக் கழுவிப் பாருங்கள். அதிலும் அதே மூட்டம் இருந்தால் குற்றம் பெட்டியில். இலேசான மூட்டமானால் ஒளியைச் சற்றுக் கூட்டிக் கொடுத்து அந்தப் பெட்டியை முடிக்கலாம், எறியத் தேவையில்லை.

புதிய பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆனால் எடுத்த உடனே திறக்காதீர்கள். எங்கள் ஈரக்காற்றில் குளிர்ந்த பிலிம்மேல் நீர் பூத்துவிடும். இரண்டு மூன்று மணித்தியாலம் மூடியபடி வெளியில் இருக்கட்டும்.

படம் மெலிந்திருக்கிறது அல்லது தடித்திருக்கிறது

நெகற்றிவ்வில் நிழற்பகுதி என்பது கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் பகுதி. அந்த இடத்தில் எந்த விவரமும் இல்லையென்றால் படம் எடுக்கும்போதே வெளிச்சம் போதவில்லை. எவ்வளவு கழுவினாலும் வராது. நிழலில் விவரம் இருந்தும் வானமும் வெள்ளைச் சுவரும் வலுவில்லாமல் இருந்தால் கழுவியது போதவில்லை. வானம் கரிக்கட்டி போல இறுகியிருந்தால் கழுவியது மிஞ்சிவிட்டது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பிலிமை வீணாக்கும்.

வெளிச்சம் போதாததற்குப் பெரிய கமராவில் மட்டும் உள்ள காரணம் துருத்தியின் நீளம். 150 மில்லிமீற்றர் வில்லையைக் கிட்டப்பொருள் ஒன்றுக்குக் குவித்துத் துருத்தி 300 மில்லிமீற்றர் வரை நீண்டால், நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். பக்கத்தில் நின்று முகம் எடுப்பவர்கள் அளவுநாடா ஒன்றைக் கமராப் பையில் வைத்திருக்க வேண்டும்.

கழுவுதல் மிஞ்சுவதற்கு இங்கே ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம் வெப்பம். கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதத்துப் பகலில் என் வீட்டுக் கூரைத் தாங்கித் தண்ணீர் 31 பாகை காட்டும். பிலிம் பெட்டிகளில் அச்சிட்ட நேரங்கள் 20 பாகைக்கு உரியவை. எச்பி5 பிளஸ் பிலிமுக்கு, நீர் சேர்க்காத ஐடி-11 இல், 20 பாகையில் ஏழரை நிமிடம். கூடும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு போனால் 30 பாகையில் அது மூன்று நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். ஒரு லீற்றர் தாங்கியை நிரப்பவும் வடிக்கவுமே அரை நிமிடம் பிடிக்கும்போது, மூன்று நிமிடத்தில் எந்தத் தாளும் ஒரே சீராகக் கழுவப்படாது. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த நேரம் எதையும் நான் ஏற்பதில்லை.

ஆகவே இரண்டு பக்கமிருந்தும் நெருங்க வேண்டும். ஒன்று, டெவலப்பருக்கு சம அளவு நீர் சேர்த்து நேரத்தை நீட்டுதல்: அதே பிலிமுக்கு 20 பாகையில் 13 நிமிடம். இரண்டு, 20 பாகைக்குப் போராடாமல் 24 பாகையை இலக்காக வைத்தல்: அப்போது நேரம் ஏறத்தாழ ஒன்பது நிமிடம். இந்த ஒன்பது நிமிடம்தான் என் வீட்டில் எல்லாப் பருவத்திலும் நின்று பிடித்த அளவு.

24 பாகைக்கு வர ஐஸ்கட்டியை டெவலப்பருக்குள் போடக்கூடாது, அளவு கெடும். நீர்தான் குளிரைக் கொண்டுவர வேண்டும். 30 பாகையில் இருக்கும் 500 மில்லிலீற்றர் டெவலப்பருடன் 18 பாகைத் தண்ணீர் 500 சேர்த்தால் 24 வரும். அந்த 18 பாகைக்கு, குளிர்சாதனப் பெட்டியில் 8 பாகையில் இருக்கும் தண்ணீர் 270, அறைத் தண்ணீர் 230. உங்கள் பெட்டியின் தண்ணீரை அளந்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கலவை 24 இல் இருந்தாலும் ஒன்பது நிமிடத்தில் தாங்கி மீண்டும் சூடாகும். கையால் பிடித்துக் குலுக்குவதே அதைச் சூடாக்கும். மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டுக் கொண்டுபோகும் வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதற்குள் தாங்கியின் கழுத்துவரை 24 பாகைத் தண்ணீர், பக்கத்தில் ஐஸ் உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று. தெர்மோமீற்றர் ஏறத் தொடங்கினால் போத்தலை உள்ளே இறக்குகிறேன், இறங்கினால் எடுக்கிறேன். பிக்ஸரும், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் குளியலும் அதே பெட்டியில் போத்தலோடு நிற்கின்றன. மூடி போட்ட அந்தப் பெட்டி வேலை முடியும்வரை ஒரு பாகைக்குள் பிடித்துக்கொள்ளும். பெரிய விலைகொடுத்து வெப்பக் கட்டுப்பாட்டுச் சாதனம் எதுவும் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நெகற்றிவ் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தடிப்பாக வந்தால் தெர்மோமீற்றரைச் சந்தேகியுங்கள். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் அது 0 காட்ட வேண்டும். இளஞ்சூடான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு ஒத்துப்போக வேண்டும். என் முதல் தெர்மோமீற்றர் மூன்று பாகை குறைத்துக் காட்டியது தெரியாமல் ஒரு பெட்டி பிலிமின் பாதியைக் கரியாக்கினேன்.

தடித்தும் மெலிந்தும் ஒழுங்கில்லாமல் மாறி மாறி வந்தால் கழுவுதல் காரணமல்ல. ஷட்டரின் வேகம் நிலையில்லாமல் இருக்கிறது. திருத்துநரிடம் கொடுத்து ஒவ்வொரு வேகத்தையும் அளந்து எழுதித் தரும்படி கேளுங்கள்.

வானத்தில் திட்டுகள், அலைகள், ஓரத்தில் கறுத்த கோடுகள்

இந்தக் குறி மரமும் கூட்டமும் உள்ள படத்தில் ஒளிந்துகொள்ளும். வாவிக்கு மேலே வெறும் வானம் உள்ள படத்தில் ஒளிய இடமில்லை. ஆகவே சோதிக்க விரும்பினால் கல்லடிப் பாலத்தில் நின்று பாதி வானம் வரும்படி ஒரு தாளை எடுங்கள்.

கரைசல் தாளின் மேல்விளிம்பை மூடியதா என்று முதலில் பாருங்கள். ஆறு தாள் செருகும் சட்டங்கள் ஒரு லீற்றர் கேட்கும். 900 மில்லிலீற்றரோடு சிக்கனம் பார்த்தால் மேலே ஒரு வெளிறிய பட்டை வரும். அளவு சரியென்றால் குலுக்கும் முறையைப் பாருங்கள். முதல் 10 செக்கனில் நான்கு முறை தலைகீழாகப் புரட்டி, பின் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் அதேபோல நான்கு முறை என்பது இல்ஃபோர்ட் நிறுவனம் சொல்லும் ஒழுங்கு. நான் ஒவ்வொரு புரட்டலுக்கும் தாங்கியைக் கால்வட்டம் திருப்பவும் செய்கிறேன். சட்டத்தின் பற்களை ஒட்டிக் கறுத்த கோடுகள் நின்றால் குலுக்கல் முரட்டுத்தனமாக இருக்கிறது, கரைசல் அந்த இடுக்குகளால் பாய்ந்து ஓடுகிறது. வேகத்தைக் குறைத்து, ஒரு புரட்டலுக்கு இரண்டு செக்கனுக்கு மேல் கொடுங்கள். நடுவில் மேகம் போன்ற திட்டு இருந்தால் குலுக்கல் போதவில்லை.

முறையும் சரியென்றால் டெவலப்பருக்கு முன் அதே 24 பாகைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். எல்லோரும் இதை ஏற்பதில்லை, எனக்கு உதவியிருக்கிறது. சில பிலிம்களில் அந்தத் தண்ணீர் பச்சையாகவோ நீலமாகவோ வெளியே வரும். பின்பக்கச் சாயம் கழன்று வருவதே அது, பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டு தாள்கள் முட்டி ஒட்டியிருந்தால் ஒட்டிய உருவத்திலேயே கழுவப்படாத திட்டு இருக்கும். அதைத் திருத்த முடியாது. சுருட்டும் முறையில் ஒரு தாங்கிக்கு நான்குக்கு மேல் போடாதீர்கள். முக்கியமான படமானால் இரண்டு போதும்.

புள்ளிகள், பிறைகள், விரல் அடையாளங்கள்

தெளிவான புள்ளி வட்டமாக, விளிம்பு சுத்தமாக இருந்தால் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்திருக்கிறது. டெவலப்பர் ஊற்றியதும் தாங்கியை மேசையில் இரண்டு தடவை தட்டுங்கள். புள்ளி கோணல்மாணலாக அல்லது நூல் போல இருந்தால் படம் எடுக்கும்போது பிலிம்மேல் தூசு இருந்திருக்கிறது. கச்சான் காலத்தில் கல்லடி மணல் எல்லாவற்றுக்குள்ளும் போகும். ஹோல்டர்களை ஈரத்துணியால் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, மூடிபோட்ட பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

கறுத்த பிறைகள் விரல்நுனியால் மடங்கிய இடங்கள். கறுத்த அல்லது வெளிறிய விரல்ரேகை என்றால் வியர்வை. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பகல் பதினொரு மணிக்கு இருட்டுப் பைக்குள் கையை விட்டால் ஐந்து நிமிடத்தில் மணிக்கட்டிலிருந்து வியர்வை வழியத் தொடங்கும். பையின் உட்காற்று கொதிநீர்ப் பானையைத் திறந்தது போல ஈரமாகிவிடும். தாள் சட்டத்துக்குள் வழுக்கிப் போகாமல் ஒட்டும். ஒட்டியதை விரல் தள்ளும். தள்ளிய இடத்தில் பிறை விழும். கண் காணாத இடத்தில் பொறுமை போவதும் அப்போதுதான். இதற்கு மருந்து உபகரணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் இருந்து, ஒருமுறைக்கு இரண்டு தாள் மட்டும் ஏற்றுங்கள். பஞ்சு நூல் கையுறை உதவும், ஆனால் வெட்டுக்குறியைத் தடவி அறிய ஒரு விரல்நுனியை வெட்டிவிட வேண்டும். கை நனைந்ததாக உணர்ந்தால், தாள்களைத் தாங்கிக்குள் வைத்து மூடியபின் கையை வெளியே எடுத்துக் காயவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வீணான தாள் ஒன்றைப் பகலில் கண்திறந்து இருபது தடவையும், கண்மூடி இருபது தடவையும் ஏற்றிப் பழகாமல் நல்ல தாளைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பால் போன்ற மூட்டம், இளஞ்சிவப்புச் சாயல், பின்பக்கத்தில் நீலக் கோடுகள்

இவை மூன்றும் திருத்தக்கூடியவை. பால் மூட்டம் என்றால் பிக்ஸர் போதவில்லை. சாதாரண வெளிச்சத்திலேயே புதிய பிக்ஸரில் மீண்டும் போடுங்கள், மூட்டம் கரைந்துவிடும். பிக்ஸர் நல்லதா என்று பார்க்க, கழுவாத பிலிம் துண்டொன்றை அதில் போட்டு, அது தெளிய எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். அந்த நேரத்தின் இரண்டு மடங்கே தாளுக்கு வேண்டிய நேரம். புதிய பிக்ஸரில் எடுத்த நேரத்தைவிட இரட்டிப்பு நேரம் எடுத்தால் அந்தப் பிக்ஸரை விட்டுவிடுங்கள்.

இளஞ்சிவப்பு டெல்ரா, டி-மாக்ஸ் வகைப் பிலிம்களில் தங்கும் சாயம். அவை கூடிய நேரம் பிக்ஸர் கேட்பவை. மீண்டும் பிக்ஸர், நீண்ட அலசல், அவ்வளவுதான். பின்பக்கத்து நீலக் கோடுகள் சுருட்டிய தாள் தாங்கியின் சுவரோடு ஒட்டி நின்ற இடங்கள். தாளை விரித்து, தட்டையான பாத்திரத்தில் இரண்டு நிமிடம் பிக்ஸரில் அசைத்தால் போகும்.

பழைய பிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. எங்கள் மணல்நிலத்தில் கிணற்று நீர் சில அடிக்குக் கீழேயே இருப்பதால், அதை வளவுக்குள் ஊற்றுவது உங்கள் கிணற்றிலும் அயலவர் கிணற்றிலும் ஊற்றுவதற்குச் சமம். வாவியிலும் ஊற்றக்கூடாது. மூடிய கலனில் சேர்த்து, எக்ஸ்ரே பிலிம் கழுவும் இடமோ வெள்ளி பிரிப்பவர்களோ ஏற்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.

எமல்ஷன் சுருங்கியிருக்கிறது, ஓரத்தில் தோல் போல உரிகிறது

குளிர்ந்த டெவலப்பரிலிருந்து நேரே 31 பாகைக் குழாய்த் தண்ணீருக்குப் போன தாளில் இது வரும். எமல்ஷன் என்பது ஜெலற்றின், சூட்டில் ஊதி மென்மையாகும். அலசும் தண்ணீர் கழுவிய வெப்பநிலையிலிருந்து 5 பாகைக்குள் நிற்க வேண்டும். ஓடும் குழாய்க்குக் கீழே அரைமணி நேரம் வைப்பதை விட்டுவிட்டு, தாங்கியில் 24 பாகைத் தண்ணீர் நிரப்பி 5 முறை புரட்டி வடித்து, புதிதாக நிரப்பி 10 முறை, மறுபடி நிரப்பி 20 முறை புரட்டுங்கள். இந்த முறைக்கு மூன்று லீற்றர் தண்ணீர் போதும், அத்தனையையும் குளிர்விக்கலாம். சுருங்கிய தாள் பழைய நிலைக்கு வராது. உரிந்த ஓரத்தைத் தொடாமல் கிடையாகக் காயவிட்டு, படம் மாற்றமுடியாததானால், நெகற்றிவ் சீராக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீங்களாக ஒட்ட முயல வேண்டாம்.

ஸ்டாப் குளியலுக்கு வெள்ளை வினாகிரி ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் சரி. மண்டியும் நிறமும் உள்ள தென்னை வினாகிரி இதற்கு உதவாது.

காய்ந்த பின் வெள்ளைப் படலம், ஒட்டிய பூச்சி, அரித்த விளிம்பு

வெள்ளைப் படலம் கிணற்று நீரின் உப்பு. வாவியோரக் கிணறுகளில் இது கூடுதலாக வரும். கடைசி அலசலுக்கு மட்டும் வாகனப் பற்றரிக்கு விடும் கனிமம் நீக்கிய தண்ணீரை வாங்குங்கள். அதில் நனைக்கும் திரவம் சில துளி விட்டு ஒரு நிமிடம் வைத்து, குலுக்காமல் எடுத்து, ஒரு மூலை கீழே வரும்படி தொங்கவிடுங்கள். அமிலம் கலந்திருக்கும் பற்றரித் திரவம் வேறு பொருள். போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். ஏற்கனவே படலம் விழுந்த தாளை அதே தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

கார்த்திகை, மார்கழி மழையில் தாள் காய ஓர் இரவு முழுவதும் எடுக்கும். அந்த நேரத்துக்குள் விளக்குப்பூச்சி ஒட்டும்; அதைவிட, கரப்பானும் எறும்பும் ஜெலற்றினைத் தின்னும். ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது, முதல்நாள் கழுவிய முதியவர் ஒருவரின் படத்தில் வலது தோளிலிருந்து காதுவரை விளிம்பு பல்வைத்துக் கடித்தது போலக் குறைந்திருந்தது. அதன்பிறகு பழைய நுளம்பு வலை ஒன்றைக் குளியலறைக் கூரையிலிருந்து கட்டி, அடியை வாளிக்குள் திணித்து, அதற்குள் கொடி கட்டிக் காயவிடுகிறேன்; கொடியின் இரு நுனியிலும் மண்ணெண்ணெய் தோய்த்த துணிச்சுற்று இருக்கிறது. தூசு அடங்க முதலில் தரையில் தண்ணீர் தெளிப்பேன். மின்விசிறியை நேரே திருப்ப மாட்டேன், அது தூசைக் கொண்டுவந்து ஒட்டும். காய்ந்த தாள்கள் சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக மூடும் பெட்டிக்குப் போக வேண்டும். திறந்த அலுமாரியில் ஒரு மாரிகாலம் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் படத்துக்குள் வேர்விட்டுவிட்டால் தண்ணீரில் போடாதீர்கள், எமல்ஷன் கரைந்து போகலாம். உலர்வாகவே வைத்து, முதலில் ஸ்கான் செய்து, பின் பேணுநர் ஒருவரிடம் கேளுங்கள்.

கையில் சிவப்பு, அரிப்பு

டெவலப்பரில் உள்ள மெற்றோல் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்தவருக்கும் ஒரு நாள் தொடங்கலாம். கரைக்கும்போதும் ஊற்றும்போதும் நைத்திரைல் கையுறை போடுங்கள், தூளைக் கரைக்கும்போது முகக்கவசமும் போட்டு சன்னலைத் திறந்துவிடுங்கள். விரலிடுக்கில் சிவந்து கொப்புளம் வந்தால் களிம்பு தேடிக்கொண்டு இருக்காமல், டெவலப்பர்ப் பொதியையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். அவர் சொல்லும்வரை அடுத்த தாளைக் கழுவ வேண்டாம். எடுத்த படங்கள் ஹோல்டரோடு குளிர்சாதனப் பெட்டியில், இறுக மூடிய பொலித்தீன் பைக்குள் காத்திருக்கலாம்.